ரொட்டி ஏன் மறுநாளே பழசாகுது? தூங்காத பேக்கரிகளின் கதை

இந்த எபிசோடுல ராஜா கிடையாது, கோட்டை கிடையாது. ஒரு ரொட்டித் துண்டு மட்டும்தான். அதுவும் நானே செஞ்ச ரொட்டி.

2020 ஊரடங்கு சமயம். வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. ஆபீஸை மூடினதும் லேப்டாப்பைத் தூக்கிக்கிட்டு கோயம்புத்தூர் வீட்டுக்கே வந்துட்டேன். அப்போ ஊர் உலகமே வீட்டுல ரொட்டி சுட்டுக்கிட்டு இருந்தது, நானும் அந்தக் கூட்டத்துல சேர்ந்துக்கிட்டேன். முதல் ரெண்டு தடவை வந்தது என்னன்னு எனக்கே தெரியாது, அதை விட்டுடலாம். மூணாவது தடவை உருப்படியா வந்தது. சனிக்கிழமை சாயங்காலம் ஓவன்ல இருந்து எடுத்தப்போ வீடு முழுக்க வாசம். ஆறக்கூட விடாம நாலு பேரும் நின்ன இடத்துலயே பாதியைக் காலி பண்ணிட்டோம்.

மிச்சத்தைப் பார்த்துட்டு அம்மா, "வெளியில வெச்சா கெட்டுப்போயிடும்டா, ஃப்ரிட்ஜ்ல வை"ன்னாங்க. பிளாஸ்டிக் கவர்ல ரெண்டு சுத்து சுத்தி, டப்பாவுல போட்டு, இறுக்க மூடி ஃப்ரிட்ஜ்ல வெச்சேன். ஞாயித்துக்கிழமை காலையில எடுத்துப் பார்த்தா செங்கல். அப்பா ஒரு துண்டைக் கடிச்சுப் பார்த்துட்டு ஒண்ணும் சொல்லாம டீயில முக்கிக்கிட்டார்.

எனக்கு உறுத்தினது இதுதான். காத்தே புகாம மூடி வெச்சிருந்தேன். தண்ணி எங்கேயும் போக வழியே இல்லை. அப்புறம் எப்படி அது காய்ஞ்சது? அடுத்த வாரம் சமையல் தராசுல எடை போட்டே வெச்சேன். ராத்திரி எவ்வளவு இருந்ததோ காலையிலும் கிட்டத்தட்ட அதே எடை. தண்ணி உள்ளேயேதான் இருக்கு, ஆனா ரொட்டி கட்டை மாதிரி இருக்கு. சாஃப்ட்வேர்க்காரனுக்கு இந்த மாதிரி ஒரு பக் கிடைச்சா தூக்கம் வராது.

நான் தராசோட உட்கார்ந்ததுக்கு 168 வருஷம் முன்னாடியே இதே கேள்வியோட ஒருத்தர் உட்கார்ந்திருக்கார். பெயர் ஜான் பாப்டிஸ்ட் பூசங்கோ. பிரெஞ்சு வேதியியல் அறிஞர். இளம் வயசுல தென் அமெரிக்காவுக்குப் போய் சுரங்கம், எரிமலைன்னு சுத்தினவர். திரும்பி வந்து அல்சாஸ் பகுதியில ஒரு பண்ணையையே ஆய்வுக்கூடமா மாத்தி, பயிருக்கு நைட்ரஜன் எங்கிருந்து வருதுன்னு ஆராய்ச்சி பண்ணினவர். அவர் 1852-ல ரொட்டியைக் கையில எடுத்தார்.

அந்தக் காலத்துல எல்லாரும் நம்பினது நானும் அம்மாவும் நம்பின அதே விஷயம்தான்: ரொட்டி பழசாகுதுன்னா தண்ணி ஆவியாகிக் காயுதுன்னு அர்த்தம். பூசங்கோ ரொட்டியைக் காத்துப் புகாம அடைச்சு வெச்சுப் பார்த்தார். எடை குறையலை, ஆனா ரொட்டி பழசாயிடுச்சு. அடுத்து அவர் செஞ்சதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. நாள் ஆன பழைய ரொட்டியை மறுபடி ஓவன்ல வெச்சு சூடு பண்ணினார். சூடு பண்ணினா இன்னும் கொஞ்சம் தண்ணி போகத்தானே செய்யும்? போச்சு. ஆனா ரொட்டி புதுசு மாதிரி மெத்துன்னு ஆயிடுச்சு. அதாவது தண்ணி குறைஞ்ச ரொட்டி புதுசாவும், தண்ணி குறையாத ரொட்டி பழசாவும் இருக்கு. காயுறதுங்கிற விளக்கம் அதோட செத்துப்போச்சு. ரொட்டிக்குள்ள ஏதோ ஒண்ணு நிலை மாறுது, சூடு அதைத் திருப்பிக் கொண்டுவருதுன்னு தெரிஞ்சது. அது என்னன்னு அவர் காலத்துல பார்க்க முடியலை.

என்ன நடக்குதுன்னு நம்ம வீட்டுச் சோத்தை வெச்சே சொல்லிடலாம். ஃப்ரிட்ஜ்ல வெச்ச சோறு மறுநாள் விறைச்சுப்போய், ஒவ்வொரு பருக்கையும் தனித்தனியா நிக்கும் இல்லையா? சூடு பண்ணினா திரும்பக் குழையும். அதேதான் இது. அரிசியிலும் கோதுமையிலும் இருக்கிறது ஸ்டார்ச், மாவுச்சத்து. பச்சை மாவுல அதோட மூலக்கூறுகள் அடுக்கி வெச்ச விறகு மாதிரி நெருக்கமா இருக்கும். தண்ணியோட சேர்ந்து 60 டிகிரியைத் தாண்டிச் சூடானா அந்த அடுக்கு குலையும், தண்ணியைக் குடிச்சு உப்பும், குழையும். சோறு வேகுறதும் ரொட்டி வேகுறதும் இதுதான். ஆறினதும் அந்த மூலக்கூறுகள் சும்மா இருக்காது. பழையபடி அடுக்கிக்கப் பார்க்கும்.

ஸ்டார்ச்சுல ரெண்டு வகை உண்டு. நேரா நீளமா இருக்கிறது அமைலோஸ். கிளை கிளையா இருக்கிறது அமைலோபெக்டின். அமைலோஸ் சில மணி நேரத்துலயே இறுகிடும். சூடான ரொட்டியை உடனே வெட்டினா பிசுபிசுன்னு வர்றதும், ஆறினா அழகா துண்டு விழுறதும் இதனாலதான். அமைலோபெக்டின் மெதுவா, நாள்கணக்குல, படிகமா மாறும். ரொட்டி மறுநாளும் அதுக்கு மறுநாளும் கட்டியாகிக்கிட்டே போறது இதோட வேலை. சூடு பண்ணினா இந்த ரெண்டாவது வகைப் படிகம் உருகிடும், அதனாலதான் ரொட்டிக்கு உயிர் வருது. அமைலோஸ் உருக 100 டிகிரியே போதாது, அதனால முழுசா முதல் நாள் மாதிரி ஆகாது. கூடவே இன்னொரு வேலையும் நடக்குது: உள்ளே இருக்கிற ஈரம் மெதுவா மேல்தோலுக்கு நகரும். உள்ளே வறட்சி, வெளியே சவசவன்னு தோல். மொறுமொறுப்பு போறது அப்படித்தான்.

இது தெரியாத காலத்துல ஜனங்க என்ன பண்ணினாங்க? ரொட்டியோட சண்டை போடலை, அதோட வாழ்ந்தாங்க. வீட்டு ரொட்டின்னா தினமும் சுடுறது கிடையாது. விறகு விலை, அடுப்பைச் சூடாக்க ஆகுற நேரம், ஊருக்கே ஒரு பொது அடுப்பு, இதெல்லாம் பார்த்து வாரத்துக்கு ஒரு தடவை, சில இடத்துல அதுவும் இல்லை. பிரான்ஸ் ஆல்ப்ஸ் மலையில வில்லார் தாரேன்னு ஒரு கிராமம். அங்கே நவம்பர்ல ஊரே சேர்ந்து வருஷத்துக்கு ஒரே ஒரு தடவை ரொட்டி சுடுவாங்க. ரை தானிய மாவுல கொதிக்கிற தண்ணியை ஊத்திப் பிசைஞ்ச கனமான ரொட்டி. மாசக்கணக்குல வெச்சுச் சாப்பிடுவாங்க. சுவிட்சர்லாந்தோட வாலே பகுதியில ரை ரொட்டியை வெட்ட, பலகையிலேயே பொருத்தின கத்தி இருக்கும். நம்ம பாக்குவெட்டி மாதிரி அமுக்கித்தான் வெட்டணும், அவ்வளவு கெட்டி. பின்லாந்துல ரொட்டி நடுவுல ஓட்டை போட்டு, கம்புல கோத்து, கூரைக்குக் கீழே தொங்கவிட்டாங்க. சார்டினியாத் தீவுல ஆடு மேய்க்கப் போறவங்க அப்பளம் மாதிரி மெல்லிசான காய்ஞ்ச ரொட்டியைக் கட்டிக்கிட்டுப் போனாங்க.

பழசானதும் தூக்கிப் போடுறது இல்லை. இத்தாலியில தக்காளியோட ஊறவெச்சு பன்சனெல்லா, காய் சூப்புல போட்டுத் திரும்பக் கொதிக்கவெச்சு ரிபொல்லிட்டா. ரிபொல்லிட்டான்னா திரும்பக் கொதிச்சதுன்னே அர்த்தம். பிரான்ஸ்ல முட்டையும் பாலும் சேர்த்துப் பொரிச்சதுதான் நம்ம ஊர்ல பாம்பே டோஸ்ட்டுன்னு வருது. ஹைதராபாத்ல டபுள் கா மீட்டா. நம்ம இட்லி உப்புமாவுக்கு எல்லாம் ஒண்ணுவிட்ட சொந்தம். (இலங்கை நேயர்கள் ரொட்டின்னு நான் சொல்ற இடத்துல எல்லாம் பாண்னு வாசிச்சுக்கோங்க. உங்க ஊர் ரொட்டி வேற, தெரியும்.)

கதை மாறுறது நகரத்துல. லண்டன்லயும் பாரிஸ்லயும் தொழிற்சாலைக்குப் போறவனுக்கு வீட்டுல அடுப்பு இல்லை, நேரமும் இல்லை. ரொட்டி கடையில வாங்குற பொருளா ஆச்சு. கடையில வாங்குறதுன்னா காலையில சூடா இருக்கணும். நேத்து ரொட்டியை யாரும் வாங்க மாட்டாங்க. காலை ஆறு மணிக்கு ரொட்டி சூடா இருக்கணும்னா எத்தனை மணிக்கு மாவு பிசையணும்? பின்னாடி இருந்து கணக்குப் போட்டுப் பாருங்க. சுடுறதுக்கு ஒண்ணு, ஒண்ணரை மணி. அதுக்கு முன்னாடி மாவு பொங்குறதுக்குப் பல மணி. ராத்திரி பதினொண்ணுக்குக் கடை ஆரம்பிச்சே ஆகணும்.

1862-ல ஹியூ சீமோர் டிரெமென்ஹீர்னு ஒரு அதிகாரி லண்டன் பேக்கரித் தொழிலாளர்களைப் பத்தி அரசாங்கத்துக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். மார்க்ஸ் 'மூலதனம்' புத்தகத்துல வேலை நேரம் பத்திப் பேசுற அத்தியாயத்துல இதை எடுத்துக் கையாண்டிருக்கார். அதுல வர்ற ஒரு காட்சி எனக்கு மறக்கலை. ராத்திரி பதினொரு மணிக்கு மாவைப் பிசைஞ்சு தொட்டியில போட்டு, மேலே ஒரு பலகையை மூடுறான். அந்தப் பலகை மேலயே, ஒரு சாக்கை விரிச்சு, இன்னொரு சாக்கைச் சுருட்டித் தலைக்கு வெச்சு, ரெண்டு மணி நேரம் படுக்கிறான். கீழே மாவு பொங்குது, மேலே மனுஷன் தூங்குறான். மாவு எழுந்ததும் அவனும் எழுந்துக்கணும். பெரும்பாலும் தரைக்குக் கீழே இருக்கிற அறை, அடுப்புச் சூடு, மாவுத் தூசி. அறிக்கைக்கு அடுத்த வருஷம், 1863-ல, பிரிட்டன்ல ஒரு சட்டம் வந்தது: 18 வயசுக்குக் கீழே இருக்கிறவங்களை ராத்திரி ஒன்பதுல இருந்து காலை அஞ்சு வரைக்கும் பேக்கரியில வேலை வாங்கக் கூடாது. பெரியவங்களுக்கு ஒண்ணும் இல்லை.

ஸ்டார்ச் படிகமாகுறதைப் பத்தி ஒரு எபிசோடுன்னு நினைச்சுதான் நான் படிக்க ஆரம்பிச்சேன். ஆனா எந்தப் பக்கம் திரும்பினாலும் இந்த ராத்திரி வேலை வந்து நின்னது. ரொட்டி ஒரு நாளைக்கு மேல தாங்காதுங்கிற ஒரு சின்ன விஷயம், அதுக்காக ஒரு தொழில்ல இருக்கிறவங்க எல்லாரும் பகல்ல தூங்கி ராத்திரி முழிச்சாங்க.

பாரிஸ்ல 1871-ல தொழிலாளர்கள் நகரத்தைக் கையில எடுத்து ஆட்சி பண்ணின பாரிஸ் கம்யூன் பத்தி ஸ்கூல்ல ஒரு வரி படிச்சிருப்போம். ரெண்டு மாசம் சொச்சம்தான் அது உயிரோட இருந்தது. வெளியே முற்றுகை, எந்த நேரமும் படை உள்ளே வரலாம். அந்த நேரத்துல, ஏப்ரல் 20-ஆம் தேதி, அவங்க போட்ட ஆணைகள்ல ஒண்ணு: பேக்கரிகள்ல ராத்திரி வேலை ரத்து. முதலாளிங்க எதிர்த்தாங்க, அப்போ காலை ரொட்டிக்கு என்ன வழின்னு. மே கடைசியில கம்யூன் ரத்தத்துல முடிஞ்சது, ஆணையும் அதோட போச்சு. அமெரிக்காவுல நியூயார்க் மாகாணம் 1895-ல பேக்கரி ஆளுங்களுக்கு நாளைக்கு 10 மணி, வாரத்துக்கு 60 மணிக்கு மேல வேலை வாங்கக் கூடாதுன்னு சட்டம் போட்டது. யூட்டிகா ஊர்ல பேக்கரி வெச்சிருந்த ஜோசப் லாக்னர் அந்தச் சட்டத்தை மீறினதுக்காகத் தண்டனை வாங்கி, மேல்முறையீடு பண்ணினார். 1905-ல உச்ச நீதிமன்றம் அஞ்சுக்கு நாலுன்னு அந்தச் சட்டத்தைத் தூக்கிடுச்சு. தொழிலாளி பத்து மணி நேரம் வேலை செஞ்சாதான் ரொட்டி சுத்தமா இருக்கும்னு ஒண்ணும் இல்லையேங்கிற மாதிரி வாதம். அமெரிக்க சட்டக் கல்லூரிகள்ல இன்னிக்கும் பாடமா வெச்சிருக்கிற வழக்கு அது. சட்டம் படிச்ச நண்பர் ஒருத்தருக்கு அது அடிப்படையில ரொட்டி கேஸ்னு நான் சொல்லித்தான் தெரிஞ்சது.

இதுக்கு நேர் எதிர்ப் பக்கமும் ஒண்ணு உண்டு. அரசாங்கமே மக்களைப் பழைய ரொட்டி தின்ன வெச்ச கதை. 1800-ல இங்கிலாந்துல தானியத் தட்டுப்பாடு. சுட்டு 24 மணி நேரம் ஆகாத ரொட்டியை விற்கக் கூடாதுன்னு நாடாளுமன்றம் சட்டம் போட்டது. ஏன் தெரியுமா? புது ரொட்டின்னா அதிகமா தின்னுடுவாங்க. என் வீட்டுல அந்தச் சனிக்கிழமை நடந்ததேதான். முதல் உலகப் போர்ல 1917-ல திரும்ப அதே மாதிரி ஓர் உத்தரவு, இந்தத் தடவை 12 மணி நேரம். பழைய ரொட்டியை மெல்லிசா வெட்டலாம், சேதாரம் கம்மி. ஜெர்மனி 1915-லேயே போர்க்காலத் தானியச் சிக்கனத்துக்காக ராத்திரி ரொட்டி சுடுறதையே தடை பண்ணிடுச்சு. தொழிலாளர் சங்கம் வருஷக்கணக்கா கேட்டுக் கிடைக்காதது, கோதுமை தீர்ந்துபோகும்ங்கிற பயத்துல ஒரே உத்தரவுல வந்துடுச்சு. போர் முடிஞ்சும் அந்தத் தடை போகலை. முழுசா நீங்கினது 1996-ல.

இந்த இடத்துலதான் நெதர்லாந்துல ஒரு ஆய்வாளர் வர்றார். ஜே. ஆர். காட்ஸ். அங்கேயும் பேக்கரி ராத்திரி வேலையை நிறுத்தணும்னு பேச்சு, அங்கேயும் அதே பதில்: காலை ரொட்டி பழசா இருக்குமே. அப்போ 1910கள்ல காட்ஸ் எடுத்துக்கிட்ட கேள்வி இது: சாயங்காலம் சுட்ட ரொட்டியைக் காலை வரைக்கும் புதுசா வெச்சிருக்க முடியுமா? முடிஞ்சா யாரும் ராத்திரி முழிக்க வேண்டாமே. எனக்கு இந்த அணுகுமுறை ரொம்பப் பிடிச்சிருக்கு. சட்டமும் வேணும்தான், ஆனா சட்டத்துக்குக் குறுக்கே நிக்கிற அந்த ஸ்டார்ச்சை முதல்ல பார்ப்போம்னு ஒருத்தர் உட்கார்ந்திருக்கார்.

அவர் ரொட்டியை விதவிதமான வெப்பநிலையில வெச்சு, நேரம் போகப் போக எப்படி மாறுதுன்னு அளந்தார். 60 டிகிரிக்கு மேல வெச்சா ரொட்டி பழசாகவே இல்லை. வெப்பம் குறையக் குறைய வேகமா பழசாச்சு. உறைநிலையை ஒட்டின குளிர்ல வேகம் உச்சம். அதையும் தாண்டி நல்லா உறைய வெச்சா திரும்ப நின்னுபோச்சு, ரொட்டி புதுசாவே இருந்தது. இதை நான் முதல்ல படிச்சப்போ எழுந்து போய் எங்க வீட்டு ஃப்ரிட்ஜைப் பார்த்தேன். உறைநிலைக்குக் கொஞ்சம் மேலே, நாலு டிகிரி. ரொட்டியைச் சீக்கிரம் பழசாக்கணும்னு திட்டம் போட்டு வெச்ச மாதிரி. பிற்பாடு காட்ஸ் எக்ஸ்ரே வெச்சுப் பார்த்து, புது ரொட்டியோட ஸ்டார்ச்சுல ஒரு மாதிரிக் கோலமும் பழைய ரொட்டியில வேற மாதிரிக் கோலமும் வர்றதைக் காட்டினார். பூசங்கோ கண்ணுக்குத் தெரியாம விட்ட மாற்றம் அதுதான். இதுல கிளை ஸ்டார்ச்சான அமைலோபெக்டினோட பங்கை ஷோக், ஃப்ரெஞ்ச்னு ரெண்டு அமெரிக்கர்கள் 1947-ல எடுத்துச் சொன்னாங்க.

அப்போ ராத்திரி முழுக்க ரொட்டியை 60 டிகிரியில வெச்சிருந்தா போதுமே? அங்கேதான் சிக்கல். உள்ளே மெத்துன்னு இருக்கும், ஆனா ஈரம் மேலே ஏறி மேல்தோல் ஊறிப்போகும். கதகதப்புல கிருமிங்க வளர வசதி, ரொட்டி உள்ளே நூல் விட்டு நாறும். உறைய வைக்கலாம், ஆனா அன்னிக்கு எந்தத் தெருமுனை பேக்கரியில உறைநிலைப் பெட்டி இருந்தது? அறிவியல் பதில் சொல்லிடுச்சு, கடைக்கு அது எட்டலை. அதனால கடைசியில சட்டம்தான் வந்தது. பிரான்ஸ்ல 1919 மார்ச் 28 சட்டம்: ராத்திரி பத்துல இருந்து காலை நாலு வரைக்கும் தொழிலாளர்கள் ரொட்டி வேலை செய்யக் கூடாது. 1925-ல சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு இதுக்குன்னே ஓர் ஒப்பந்தம் கொண்டுவந்தது, இருபதாவது ஒப்பந்தம். தொழிலாளி மட்டும் இல்லை, முதலாளியே ஆனாலும் ராத்திரி ரொட்டி சுடக் கூடாதுங்கிறது அது. ரெண்டு விதிவிலக்கை மட்டும் சொல்றேன். மொத்தமா பிஸ்கட் தயாரிக்கிறதுக்கு இது பொருந்தாது. பிஸ்கட்டுக்கு என்ன அவசரம்! இன்னொண்ணு, ஒரே வீட்டுல இருக்கிறவங்க தங்களுக்காகவே சுட்டுக்கிற ரொட்டி. ஆக, நான் ராத்திரி ரெண்டு மணிக்கு ஓவன் முன்னாடி உட்கார்ந்திருந்தது சர்வதேசச் சட்டப்படி குத்தம் இல்லை.

அதுக்கப்புறம் வந்த கதை உங்களுக்கே தெரியும், பாக்கெட் ரொட்டி. 1928 ஜூலை 7-ஆம் தேதி அமெரிக்காவுல சில்லிகாத்திங்கிற ஊர்ல முதல் தடவையா மெஷின்ல துண்டு போட்ட ரொட்டி விற்பனைக்கு வந்தது. 1961-ல இங்கிலாந்துல சார்லிவுட் ஆய்வு நிலையத்துல வேகமா மாவு அடிச்சு ரொட்டி தயாரிக்கிற முறை. கூடவே மோனோகிளிசரைடுன்னு ஒரு கொழுப்புப் பொருள், அமைலோஸைக் கட்டிப்போட்டு ரொட்டியை மிருதுவா வைக்கும். இப்போ என்சைம் சேர்க்கிறாங்க, அது அமைலோபெக்டினோட கிளை நுனிகளைக் கத்தரிச்சு விட்டுடும், அடுக்கிக்க முடியாது. பூஞ்சைக்கு கால்சியம் புரோபியனேட். இதனாலதான் கடை பாக்கெட் ரொட்டி அஞ்சு நாள் ஆனாலும் அமுக்கினா எழும்புது, என் ரொட்டி எழும்பலை. மாவு, தண்ணி, உப்பு, ஈஸ்ட் மட்டும் போட்ட ரொட்டி மறுநாள் கொஞ்சம் இறுகுறதுதான் இயல்பு. நான் தப்பு எதுவும் செய்யலைன்னு தெரிஞ்சதே பெரிய நிம்மதி. ஃப்ரிட்ஜ்ல வெச்சதைத் தவிர.

குளிர் ரொட்டிக்கு எதிரி, ஆனா மாவுக்கு நண்பன். பிசைஞ்ச மாவை ஃப்ரிட்ஜ்ல வெச்சா ஈஸ்ட் மெதுவா வேலை செய்யும், ராத்திரி முழுக்க நிதானமா பொங்கும். சாயங்காலம் பிசைஞ்சு குளிர்ல வெச்சுட்டுப் படுத்து, காலையில நேரா சுடலாம். பலகை மேல சாக்கு விரிச்சுப் படுத்தவனோட வேலையைப் பாதி ஒரு குளிர்பெட்டி எடுத்துக்கிச்சு. நம்ம தோசை மாவை ஃப்ரிட்ஜ்ல வைக்கிறது வேற என்ன?

இப்போ நான் வீட்டுல என்ன பண்றேன்னு சொல்லிடுறேன், அதுக்காகவே சில பேர் காத்துக்கிட்டு இருப்பீங்க. ரொட்டி முழுசா ஆறின பிறகுதான் மூடுவேன், சூட்டோட மூடினா உள்ளே வேர்த்துப் பூஞ்சை வரும். அன்னிக்கும் மறுநாளைக்கும் தேவையானதை வெளியிலயே, வெட்டின பக்கம் பலகையில படுற மாதிரி கவுத்து, மேலே துணி போட்டு வைப்பேன். நம்ம ஊர் மழைக்காலத்துல ரெண்டு நாளைக்கு மேல அப்படி விட முடியாது, பச்சை புள்ளி வந்துடும். பூஞ்சை வந்த ரொட்டியைச் சூடு பண்ணினா சரியாகாது, தூக்கிப் போட்டுடுங்க. மிச்சத்தை முதல் நாளே துண்டு போட்டு, காத்து இல்லாம கட்டி, ஃப்ரீசர்ல. இது முக்கியம்: மூணாம் நாள் இறுகின பிறகு ஃப்ரீசர்ல வெச்சா இறுகின ரொட்டிதான் உறையும். வேணுங்கிறப்போ துண்டை எடுத்து நேரா தோசைக்கல்லுலயோ டோஸ்டர்லயோ போடுவேன். முழு ரொட்டின்னா மேலே தண்ணி லேசா தடவி ஓவன்ல பத்து நிமிஷம். சூடு பண்ணினதை உடனே சாப்பிட்டுடணும், திரும்ப ஆறினா முன்னைவிட மோசமா இறுகும். இன்னொரு வழி, மாவுல கொஞ்சத்தைக் கொதிக்கிற தண்ணியில கிண்டிச் சேர்க்கிறது. கொழுக்கட்டை மாவு கிண்டுற மாதிரி. அது நிறைய தண்ணியைப் பிடிச்சுக்கும், ரொட்டி ஒரு நாள் கூடவே தாங்கும். ஜப்பான்ல பால் ரொட்டிக்கு இப்படிப் பண்றாங்க, வில்லார் தாரேன் கிராமத்துலயும் கொதி தண்ணிதான்.

அம்மா இன்னும் ஒத்துக்கலை. "ஃப்ரிட்ஜ்ல வைக்கக் கூடாதுன்னு சொல்ற, அதே ஃப்ரிட்ஜ்ல மேல் தட்டுல வைக்கிற"ன்னு கேக்குறாங்க. கேள்வி நியாயம்தான். எறும்பு பயத்துக்கு அவங்க வெச்சதும் நியாயம்தான்.

ஒரு விஷயம் சொல்லிட்டு முடிக்கிறேன். போன வருஷம் எனக்கு ஆறு மாசம் ராத்திரி ஷிஃப்ட். அமெரிக்காவுல பகல் நேரத்துல ஒரு சிஸ்டம் விழுந்துடாம பார்த்துக்கிற வேலை. முடிச்சு வண்டியில வரும்போது மணி மூணரை இருக்கும். எங்க ஏரியாவுல ஒரே ஒரு கடையில பாதி ஷட்டர் திறந்திருக்கும், உள்ளே வெளிச்சம், பேக்கரி. ஒருநாள் பசியில வண்டியை நிறுத்தி, குனிஞ்சு, பன் இருக்கான்னு கேட்டேன். பனியன் போட்டுக்கிட்டு ஒருத்தர் தட்டை வெளியே இழுத்துக்கிட்டு இருந்தார். சூடா ரெண்டு பன்னைப் பேப்பர்ல சுத்திக் கொடுத்தார். "எப்போண்ணா தூங்குவீங்க?"ன்னேன். "அஞ்சரைக்கு டீக்கடைங்களுக்குச் சரக்கு போயிடும். அப்புறம் படுக்க வேண்டியதுதான்"ன்னார். சொல்லிட்டு என் கழுத்துல தொங்கின ஐடி கார்டைப் பார்த்தார். "நீங்க எப்போ தூங்குவீங்க தம்பி?"

ரெண்டு பன்னையும் வண்டி மேலயே உட்கார்ந்து சாப்பிட்டேன். வீட்டுக்கு எடுத்துட்டுப் போனா ஆறிடும்.

அடுத்த எபிசோடு உப்பு பத்தி. கேள்வி இருந்தா அனுப்புங்க.